யாரங்கே? – அத்தியாயம் 9: பால் கொட்டிய இடம்

சென்ற வாரம் வைகிங் கலத்தைச் செவ்வாய்த் தரையில் இறக்கிவிட்டு நிறுத்தினேன். 1976 ஜூலை 20 அன்று இறங்கிய அந்தக் கலம் ஒரு பிடி மண்ணை அள்ளித் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு, அதன்மேல் சத்துநீர் விட்டது. மண்ணில் நுண்ணுயிர் இருந்தால் சத்தைத் தின்று வாயு விடும் என்பது கணக்கு. வாயு வந்தது, நினைத்ததைவிட வேகமாக வந்தது. சில நாள் பொறுத்து இரண்டாம் முறையும் சத்துநீர் விட்டார்கள். என்ன ஆயிற்று?

சொல்கிறேன். அதற்கு முன் நாட்டரசன்கோட்டை வரைக்கும் போய்வர வேண்டும்.

தைப் பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை. சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அன்றுதான் பெரிய பொங்கல். கண்ணுடைய நாயகி கோயில் எதிரே உள்ள வெளியில் நூற்றுக்கணக்கான பானைகள் வரிசை கட்டும். கல்யாணமான ஆண்மகனை ஒரு 'புள்ளி' என்று கணக்கெடுப்பது நகரத்தார் வழக்கம். புள்ளிகளின் பெயர்ச்சீட்டுகளை வெள்ளிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். சீட்டு விழுந்த வீட்டுக்கே முதல் பானை வைக்கும் பேறு. தொழிலுக்காகத் திசைக்கு ஒருவராகப் போனவர்கள்கூட இந்த நாளுக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். விழாவின் பெயர் செவ்வாய்ப் பொங்கல். வானத்துச் செவ்வாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த என்னை அந்தப் பெயரே இழுத்துவந்தது.

வந்த இடத்தில் கிடைத்தது வேறொன்று. அடுப்புப் புகைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, அம்மன் வெளிப்பட்ட கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் பாலும் மோரும் விற்க இந்த வழியாக நடந்து வருவார்களாம். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் கால் இடறும், பால் கொட்டும். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும் அதே இடம். சேதி சிவகங்கை மன்னர் காதுக்குப் போய், தோண்டச் சொல்லி, தோண்டிய குழியில் வெளிப்பட்டவள்தான் கண்ணாத்தாள் என்பது ஊர் நம்பிக்கை. கண்ணில் குறையுள்ளவர்கள் இன்றைக்கும் நேர்ந்துகொண்டு வருவது அவளிடம்தான்.

"ஒரு தடவை இடறுனா நம்ம கால் பிசகு, தம்பி" என்றார் ஆச்சி. "தெனமும் அதே எடத்துல இடறுனா அது கால் பிசகில்ல. உள்ள என்னமோ இருக்கு. தோண்டிப் பாக்கணும்."

எட்டு வாரமாக நான் எழுதிவரும் தேடலின் இலக்கணத்தை அந்த ஆச்சி மூன்றே வரியில் சொல்லிவிட்டார். வானத்தில் வேறு அறிவுள்ள உயிர் உண்டா என்று தேடுகிறவர்களுக்கு முதல் விதியும் கடைசி விதியும் அதுதான். ஒருமுறை வந்தது சான்றாகாது, அதே இடத்தில் மறுபடியும் வர வேண்டும்.

இப்போது வைகிங்குக்கு வருவோம். இரண்டாம் முறை சத்துநீர் விட்டபோது புதிதாக வாயு எழவில்லை. முன்பு எழுந்ததிலும் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. மண்ணைச் சூடாக்கிச் சோதித்த இன்னொரு கருவி, உயிருக்கு அடிப்படையான கரிமப் பொருள்கள் தென்படவில்லை என்றது. சத்துநீர்ச் சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின், தான் கண்டது உயிரையே என்று 2021இல் கண்மூடும் வரை வாதாடினார். மற்ற ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அது மண்ணின் வேதிவினை என்று முடிவு கட்டினார்கள். பால் ஒருமுறை கொட்டியது, மறுமுறை கொட்டவில்லை.

அடுத்த ஆண்டு 1977. அந்த ஒரே ஆண்டில் வானத்தில் இரண்டு இடங்களில் பால் கொட்டியது. ஒன்றைப் பார்த்தது தமிழ்நாடு.

* * *

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் ஏறினால் காவலூர் வரும். சுற்றிலும் காடு, பக்கத்தில் பெருநகரம் இல்லை. இருட்டு அங்கே இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டைத் தேடிக் கண்டுபிடித்தவர் வைணு பாப்பு.

1927இல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தையும் வானியலாளர், ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தில் வேலை. ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949இல், ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். அது பாப்பு–போக்–நியூகிர்க் என்று அவர் பெயரையும் சுமந்துகொண்டு நிற்கிறது. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைமைக்கு வந்தார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க அருமையான மலை. இரவில் மங்கலான நட்சத்திரங்களை விடாமல் பார்க்கவோ வேறோர் இடம் வேண்டியிருந்தது. பாப்பு தேடி அலைந்து காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் கண்ணாடி கொண்ட கார்ல் சைஸ் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த ஆண்டே, வியாழனின் நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் படித்து, அந்த நிலவுக்கு மெல்லிய காற்றுப்படலம் இருப்பதற்கான தடயத்தைத் தந்தது.

மறைப்பைப் படிப்பது எளிய உத்தி. தெருவிளக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரோ குறுக்கே போகிறார்கள். ஆளைப் பார்க்க முடியாத இருட்டு, ஆனால் விளக்கு ஒரு கணம் மறைகிறது. எவ்வளவு நேரம் மறைந்தது, சட்டென்று மறைந்ததா, மெல்ல மங்கியதா என்று அளந்தால் கடந்தவரின் பருமனையே சொல்லிவிடலாம். வானியலாளர்கள் கோள்களை இப்படி அளக்கிறார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும் என்று கிரீனிச் ஆய்வகத்தின் கோர்டன் டெய்லர் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். நட்சத்திரத்துக்கு இருந்தது பட்டியல் எண் மட்டும்: எஸ்.ஏ.ஓ. 158687. மறைப்பு நன்றாகத் தெரியக்கூடிய பரப்பு இந்தியப் பெருங்கடலைச் சுற்றியே இருந்தது.

அமெரிக்கர்கள் தொலைநோக்கி பொருத்திய விமானத்தையே பெருங்கடலின் தென்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். கைப்பர் வான்வழி ஆய்வகம் என்று அதற்குப் பெயர். உள்ளே ஜேம்ஸ் எலியட் தலைமையில் ஒரு குழு. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இன்னொரு குழு. நம் ஜவ்வாது மலையில், ஒரு மீட்டர் தொலைநோக்கியின் அடியில், ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும்.

அன்றிரவு காவலூரில் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. நட்சத்திர ஒளியின் அளவு பதிவாகிக்கொண்டே வந்தது. கோள் குறுக்கிடும் என்று குறித்த நேரம் இன்னும் வரவில்லை.

திடீரென்று ஒளி இறங்கியது. சில விநாடிகள்தான். பிறகு பழைய நிலைக்கு ஏறிவிட்டது.

மேகம் ஒன்றும் இல்லை. கருவியில் பழுதா? அல்லது அந்த இருட்டில், 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால், எவருமே அறியாத ஏதோ ஒன்று நட்சத்திரத்தைக் கடந்துபோனதா?

* * *

அதே கேள்வி, அதே இரவில், பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த விமானத்திலும் எழுந்தது. எலியட் குழுவினர் கருவியை அரைமணி நேரத்துக்கும் மேல் முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். அதனால்தான் அவர்களுக்கும் அந்த முதல் இறக்கம் அகப்பட்டது. ஒருமுறை இறங்கியபோது மெல்லிய மேகமோ என்று சந்தேகம். அடுத்து இன்னொரு இறக்கம். இன்னொன்று. இன்னொன்று. பிறகு கோள் வந்து நட்சத்திரத்தை மறைத்து விலகியது. அதன்பின் எதிர்ப்பக்கத்திலும் இறக்கங்கள் வந்தன. முன்னால் எந்தெந்தத் தொலைவில் ஒளி இறங்கியதோ, பின்னாலும் ஏறக்குறைய அதே தொலைவுகளில் இறங்கியது.

இரண்டு பக்கமும் ஒரே தொலைவில் இடறுகிற பொருள் எது? வளையம்தான். சனிக்கோளைச் சுற்றியிருப்பதைப் போல யுரேனஸையும் வளையங்கள் சுற்றியிருக்கின்றன. அவற்றில் பல, சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை. அன்றைய எந்தத் தொலைநோக்கியிலும் நேராகத் தெரியாதவை. கலிலியோ காலம் முதல் மனிதர் அறிந்திருந்தது ஒரே ஒரு வளையக்கோள். அன்றிரவோடு அது இரண்டாயிற்று.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1977 மே மாதம் 'நேச்சர்' இதழ் இந்தக் கண்டுபிடிப்புகளை வெளியிட்டது. எலியட் குழுவின் கட்டுரை வளையம் என்றது. பெர்த்தில் பார்த்தவர்களும் வளையம் என்றார்கள். அவற்றை அடுத்த பக்கத்தில் பட்டாச்சார்யா–குப்புசாமி கட்டுரை. அது யுரேனஸுக்கு ஒரு புதிய நிலவு என்றது.

காவலூர் பார்த்தது பொய்யில்லை. கண் பிசகவில்லை, பொருள் கொண்டதுதான் பிசகியது. ஓர் இறக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் நிலவு என்றுதான் தோன்றும். அதன்பின் அவர்கள் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பதிவுகளை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் கவனிக்காமல் விட்ட நுண்ணிய இறக்கங்களைத் தேடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். யுரேனஸுக்குச் சனியைப் போன்ற வளைய அமைப்பு உண்டு என்பது அதன் முடிவு. உலகத்தின் முன்னால் தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் துணிவு இல்லாதவர்கள் இந்தத் தேடலுக்கு வரவே கூடாது.

வளையத்துக்கும் வேற்றுலக உயிருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2009இல் விண்ணுக்குப் போன கெப்ளர் தொலைநோக்கி செய்ததும் இதே வேலை. தொலைவிலுள்ள நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றும் கோள் குறுக்கே வந்தால் ஒளி ஒரு துளி இறங்கும். ஒருமுறை இறங்கினால் யாரும் கோள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரே கால இடைவெளியில் மூன்று முறையாவது இறங்க வேண்டும். வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கு மேல் இன்று தெரியும். அவற்றில் பெரும்பாலானவை இப்படி அகப்பட்டவை. வீடு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே கதவைத் தட்ட முடியும்? காவலூரில் 1977இல் பதிந்த அந்தச் சில விநாடி இறக்கமும் இந்த உத்தியின் முன்னோடிகளில் ஒன்று.

காவலூர்ப் பதிவை நம்மவர்கள் புரட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அமெரிக்காவில் ஒரு சிறு குழு இராப்பகலாக வேறொரு வேலையில் இருந்தது. யுரேனஸ் பக்கம் போகக்கூடிய ஒரு விண்கலத்தில் பூமியின் குரலை ஏற்றி அனுப்பும் வேலை. அந்தக் குரலில் எந்தெந்த மொழி இருக்க வேண்டும்?

* * *

நாட்டரசன்கோட்டையின் ஓரத்தில் இன்னொரு கோயில் உண்டு. கம்பர் அடங்கிய இடம் என்று ஊர் போற்றும் இடம் அது. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், பங்குனி அத்தத்தன்று தன் விழாவை இங்கே வந்துதான் நிறைவு செய்யும். பிறந்த குழந்தையின் நாவில் இந்த மண்ணைத் தொட்டு வைப்பது ஊர் வழக்கம். நல்ல தமிழ் வரட்டும் என்பது வேண்டுதல்.

அந்த மண்ணில் நின்றபோதுதான் வாயேஜர் தட்டின் நினைவு என்னை அழுத்தியது.

வாயேஜர் என்ற பெயரில் இரண்டு கலங்கள். பெருங்கோள்களைப் பார்த்துவிட்டு, அப்படியே சூரிய மண்டலத்தைத் தாண்டி, திரும்பியே வராமல் போகப்போகிறவை. என்றாவது ஒருநாள் யாராவது கண்டெடுத்தால்? அவர்களுக்காகக் கலத்துக்கு ஒன்றாகத் தங்க முலாம் பூசிய செம்புத் தட்டைப் பொருத்தினார்கள். பழைய கிராமபோன் தட்டைப் போன்றதுதான், 12 அங்குலம். தயாரித்த குழுவுக்குத் தலைவர் கார்ல் சேகன். 1960இல் முதன்முதலாக நட்சத்திரங்களுக்குக் காது கொடுத்த பிராங்க் டிரேக்கும் அதில் இருந்தார். தட்டின் உறையில் பூமியின் முகவரி: பல்சார் என்னும் 14 துடிப்பு விண்மீன்களிலிருந்து நம் சூரியனுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று ஒரு கோட்டுப்படம். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள், 90 நிமிட இசை, 55 மொழிகளில் வணக்கம்.

வணக்கங்களைப் பதிவு செய்யக் கிடைத்த காலம் மிகக் குறைவு. பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் அதைச் சுற்றியும் இருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தம் மனத்துக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். சீனத்தின் அமோய் வட்டாரப் பேச்சில் பேசியவர், விண்ணில் இருப்பவர்களிடம் சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்து, நேரம் கிடைத்தால் வந்துபோகும்படி அழைத்தார். செட்டிநாட்டு வீடுகளில் வாசற்படி ஏறியதும் காதில் விழும் அதே கேள்வி.

பட்டியலைப் பாருங்கள். இந்தி, வங்காளம், உருது, பஞ்சாபி, குசராத்தி, மராத்தி, ஒரியா, இராசத்தானி இருக்கின்றன. நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. கடல் தாண்டிச் சிங்களம் இருக்கிறது. பேச ஆளில்லாமல் ஈராயிரம் ஆண்டுகளாக மௌனமாகிவிட்ட சுமேரியமும் அக்காடியமும்கூட இருக்கின்றன.

தமிழ் இல்லை.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை, வலிக்கிறது. அந்தக் குழு யாரையும் ஒதுக்கவென்று உட்காரவில்லை. கைக்கெட்டிய குரல்களைக் கொண்டு அவசரத்தில் செய்த வேலை அது. ஆனாலும் ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள ஓர் உயிருள்ள மொழி, மனிதன் விண்வெளிக்கு விடுத்த முதல் குரலஞ்சலில் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது உண்மை. குழந்தையின் நாவில் தமிழுக்காக மண் தொட்டு வைக்கும் ஊரில் நின்று இதை நினைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஒரு மெல்லிய இழை மட்டும் இருக்கிறது. தட்டில் உள்ள 27 இசைத் துண்டுகளில் இந்தியாவுக்கு ஒன்று: கேசர்பாய் கேர்க்கர் பைரவி ராகத்தில் பாடிய பாட்டு. அதன் பெயருக்கு 'எங்கே போகிறாய்' என்று பொருள். திரும்பி வராத பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது? அதைச் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் இராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசை அறிஞர். வீணை தனம்மாளின் பேரரும் பாலசரஸ்வதியின் தம்பியுமான டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்றவர் அவர். மிருதங்கத்தைப் பற்றியே 1965இல் ஆய்வேடு எழுதியவர். சென்னையின் லயம் பழகிய ஒரு காதுதான் அந்தப் பாட்டைத் தேர்ந்தது. கேசர்பாய் 1977 செப்டம்பர் 16 அன்று மறைந்தார். அவருடைய குரலைச் சுமந்த இரண்டாவது கலம் பூமியை விட்டுக் கிளம்பிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

* * *

வாயேஜர்-2 முதலில் கிளம்பியது, 1977 ஆகஸ்ட் 20இல். வாயேஜர்-1 செப்டம்பர் 5இல். வியாழன், சனி இரண்டையும் பார்த்தபின் வாயேஜர்-2 மட்டும் யுரேனஸ் பாதைக்குத் திரும்பியது. போய்ச்சேர எட்டரை ஆண்டு.

அந்த எட்டரை ஆண்டில் காவலூரில் என்ன நடந்தது?

பாப்பு இன்னும் பெரிய கண்ணைக் கட்ட ஆசைப்பட்டார். வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே வடிவமைத்து, இங்கேயே கண்ணாடி தேய்த்து, 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1979இல் உலக வானியலாளர் சங்கத்துக்கே தலைவராகத் தேர்வானார். அதன் அடுத்த பொதுக்கூட்டம் 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 19 அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் பாப்பு காலமானார். வயது 55. அவர் தலைமை ஏற்றிருந்த சங்கம் அந்த ஆண்டில்தான், பூமிக்கு அப்பால் உயிரைத் தேடுவதற்கென்று 51ஆம் ஆணையம் ஒன்றை அமைத்தது. அதுவரை கதைக்காரர்களின் கனவு என்று பலர் ஒதுக்கிவைத்திருந்த தேடலுக்கு, உலக வானியலின் சபையில் இருக்கை கிடைத்தது.

பாப்பு கனவு கண்ட தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி 1986 சனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். காவலூர் ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

பதினெட்டே நாள் கழித்து, 1986 சனவரி 24 அன்று, வாயேஜர்-2 யுரேனஸை அடைந்தது.

முதன்முறையாக அந்த வளையங்களை ஒரு கருவி அருகிலிருந்து படம் எடுத்தது. 1977இல் அறிந்த வளையங்களோடு மேலும் இரண்டு தெரிந்தன. இன்னொன்றையும் செய்தார்கள். கலத்தில் இருந்த ஒளிமானியை, வளையங்களுக்குப் பின்னால் வந்த நட்சத்திரங்களை நோக்கித் திருப்பிவைத்து, ஒளி எங்கெங்கே இறங்குகிறது என்று அளந்தார்கள். காவலூரில் ஒன்பது ஆண்டுக்கு முன் கையாண்ட அதே உத்தி.

தமிழின் குரல் அந்தக் கலத்தில் இல்லை. ஆனால் அந்தக் கலம் தேடிப்போய்ப் பார்த்த வளையங்களின் நிழல், முதன்முதலாக விழுந்த சில இடங்களில் தமிழ் மண்ணும் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் ஏக்கம் மிஞ்சும். இரண்டாவதை மட்டும் சொன்னால் வெறும் பெருமை மிஞ்சும். ஒருமுறையாவது அவர்களைக் காவலூருக்கு அழைத்துப் போங்கள். இனி ஒருநாள் இந்தியக் கலம் ஒன்று சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போகுமானால், அதில் ஏறும் வணக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் இடத்தில் இன்று பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

* * *

1977இல் பால் இரண்டு இடங்களில் கொட்டியது என்றேன். ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறேன்.

வாயேஜர்-2 கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால், ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 'பெருங்காது' என்று செல்லப்பெயர் பெற்ற ரேடியோ தொலைநோக்கி. அது அசையாது. பூமி சுழல, வானம் தானாக அதன் காதைக் கடந்துபோகும். வானத்தின் ஒரு புள்ளி அதன் கேட்கும் எல்லைக்குள் வந்து வெளியேற 72 விநாடி. அரசுப் பணம் 1972இலேயே நின்றுபோயிருந்தது. வேற்றுலக ஒலியைத் தேடும் வேலையை அதன்பின் தொண்டர்கள்தாம் நடத்திவந்தார்கள். கணிப்பொறி இராமுழுவதும் எண்ணும் எழுத்துமாக அச்சடித்துத் தள்ளும். ஜெர்ரி எஹ்மன் என்ற தொண்டர் சில நாளுக்கு ஒருமுறை அந்தத் தாள்களை வாங்கி வரிவரியாகப் பார்ப்பார்.

வெறும் இரைச்சலுக்கு 1, 2, 3 என்று சின்ன எண்களே விழும். ஒன்பதுக்கு மேல் போனால் எழுத்து: பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி. தாள் தாளாக ஒன்றுகளும் இரண்டுகளும். ஆகஸ்ட் 15 இரவின் தாளுக்கு வந்தார் எஹ்மன். ஒரு பத்தியில் மேலிருந்து கீழாக ஆறு குறிகள்: 6, ஈ, க்யூ, யூ, ஜே, 5. ஆறில் தொடங்கி, பதினான்கு, இருபத்தாறு, முப்பது என்று ஏறி, பத்தொன்பது, ஐந்து என்று இறங்குகிறது. இரைச்சலைவிட முப்பது மடங்கு பலம். அசையாத காதை வானத்துப் புள்ளி ஒன்று கடந்துபோனால் எப்படி ஏறி இறங்க வேண்டுமோ, அப்படியே 72 விநாடி. அலைவரிசையோ 1420 மெகாஹெர்ட்ஸ் அருகே. ஹைட்ரஜன் பேசும் அலைவரிசை அது. அறிவுள்ள உயிர் யாரையாவது கூப்பிட நினைத்தால் அங்கேதான் கூப்பிடும் என்று 1959இல் கொக்கோனியும் மாரிசனும் எழுதிவைத்த இடம்.

எஹ்மன் பேனாவை எடுத்து அந்த ஆறு குறிகளையும் சுற்றி வட்டமிட்டார். பக்கத்து ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: 'வாவ்!'

பால் கொட்டிவிட்டது. நாட்டரசன்கோட்டை ஆச்சியின் கேள்வி எஞ்சியிருக்கிறது: அதே இடத்தில் மறுபடியும் இடறியதா?

அதற்கு வழி அந்தத் தொலைநோக்கியிலேயே இருந்தது. பெருங்காதுக்குப் பக்கம் பக்கமாகக் கொம்பு வடிவில் இரண்டு வாங்கிகள். ஒன்று கேட்ட புள்ளியை மற்றொன்று ஏறக்குறைய மூன்று நிமிட இடைவெளியில் கேட்கும். நட்சத்திரங்களிலிருந்து நிற்காமல் வரும் ஒலி என்றால் தாளில் இரண்டு முறை பதிந்தே தீர வேண்டும்.

எஹ்மன் அந்த வட்டத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வரிகளைத் தேடத் தொடங்கினார்.

(தொடரும்)